பங்கு போட்ட குளிசைகள்

கள்ளப்பாடு, முல்லைத்தீவு
14.1.1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

மாதாவின் காவலில் நானும் பிள்ளைகள் இருவரும் நலம். நீங்களும் றோசம்மா மச்சாளும் கொழும்பு மழையில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா?

போன கிழமை இவர் காசநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். தொண்ணூற்றிரண்டு நாள் அங்கே இருந்தார். போகும்போது நிறை தொண்ணூற்றெட்டு இறாத்தல், வரும்போது நூற்றுப் பதினொன்று. இனி ஒன்றரை வருடம் வீட்டில் வைத்தே மருந்து. நாளுக்கு மூன்று சின்ன வெள்ளைக் குளிசை, அதோடு ஒரு தூள். மாதம் ஒருமுறை டொக்டர் தில்லைநாதன் முல்லைத்தீவுக்கு வந்து நெஞ்சுக் கிளினிக் வைக்கிறார். மருந்துச் சீட்டுத் துண்டைக் காட்டி அங்கே வாங்க வேண்டும்.

இவர் இல்லாத மூன்று மாதமும் எங்கள் அடுப்பு எரிந்தது. இவரோடு வலை இழுக்கிற இன்னாசியும் சவிரிமுத்துவும் களப்பு நீரில் இறால் பிடித்து, மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கைக் குசினி வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். கரைவலையில் ஒருவன் நோயில் விழுந்தால் அவன் பங்கை நிறுத்துவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். களப்பிலும் அதையே செய்தார்கள். ஒருநாள் நான் வேண்டாம் என்றேன். சவிரிமுத்து திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "அக்கா, இது உங்களுக்கில்லை. சூசையின்ரை பங்கு. அவன் வந்து வேண்டாமெண்டு சொல்லட்டும்."

மாசியில் கரைவலை தொடங்கும். வலைக்குச் சொந்தக்காரர், சம்மாட்டி வஸ்தியாம்பிள்ளை, இவரைக் கயிறு பிடிக்க விடமாட்டாராம். கசக்காரன் இழுத்த மீனை யார் வாங்குவார் என்கிறார். கரைக் குடிசையில், வாடியில், இருந்து வலைக் கிழிசல் பொத்தலாமாம். அதுவும் தள்ளி இருந்து.

மச்சாளுக்கு என் அன்பு.

உங்கள் தங்கச்சி
யூலிற்றா

*

கொழும்பு
3.2.1962

அன்புள்ள தங்கச்சி,

கடிதம் கண்டு மனம் ஆறுதலடைந்தது. இங்கே இருவரும் சுகம். மச்சாளுக்குத்தான் முழங்கால் நோ.

மச்சானுக்குக் கொஞ்சம் சுகம் தெரிந்ததும் மருந்து எதற்கு என்று தோன்றும். எல்லாருக்கும் தோன்றுகிறது. ஆகவே ஒன்றரை வருடம் ஏன் என்பதை எழுதுகிறேன், அவருக்கு வாசித்துக் காட்டு.

ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க நான் பார்ப்பது இந்தக் கிருமியைத்தான். நுணுக்குக்காட்டியில் சிவப்பு ஈர்க்கில் துண்டு மாதிரி இருக்கும். உடம்பைச் சுற்றி மெழுகுப் போர்வை. ஒருமுறை சாயம் ஏறிவிட்டால் அமிலம் ஊற்றினாலும் போகாது. எங்கள் உடம்பில் கிருமிகளை விழுங்கித் தின்கிற அணுக்கள் உண்டு. மற்றக் கிருமிகள் அவற்றைக் கண்டு தப்பி ஓடப் பார்க்கும். இது ஓடாது. தன்னை விழுங்க விட்டு, விழுங்கியதன் வயிற்றுக்குள்ளேயே குடியிருக்கும். காலம் சரியில்லை என்றால் தின்னாமல், பெருகாமல் வருடக்கணக்கில் உறங்கும். உறங்குகிற கிருமியை மருந்து லேசில் தொடாது. அது விழிக்கிற நாளில் மருந்து உடம்பில் இருக்க வேண்டும். அதற்குத்தான் ஒன்றரை வருடம்.

தூளையும் விடக்கூடாது. குளிசைக்கு அது காவல். ஒன்றுக்குத் தப்புவது மற்றதில் விழும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அண்ணன்
எமிலியானுஸ்

*

கள்ளப்பாடு
27.4.1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாஸ்குத் திருநாள் உங்களுக்கு நன்றாகப் போயிருக்கும். நாங்கள் சுகம். மச்சாளின் முழங்காலுக்கு ஆமணக்கெண்ணெய் சூடாக்கிப் பூசச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்தேன். கிருமி நல்ல சம்மாட்டி போலிருக்கிறது, மற்றவன் வீட்டிலேயே வாடி போட்டிருக்கிறது என்றார். நூற்றுப் பதினாறு இறாத்தல் இருக்கிறார். ஆனால் தூள் வயிற்றைப் பிரட்டுகிறது. இரண்டு மாதத் தூளையும் கடலில் கொட்டிவிட்டார். நான் ஏசிப் பார்த்துவிட்டேன். "மீனுக்கும் கசம் வராமல் இருக்கட்டும்" என்கிறார்.

குளிசைக்கு நான் பொறுப்பு. காலையில் என் கையால்தான் கொடுக்கிறேன்.

ஒரு விடயம் கேட்க வேண்டும். இங்கே சிலருக்கு இருமல். பனிக்காற்று என்கிறார்கள். கிளினிக்குக்குப் போனால் பெயர் எழுதப்படும், சம்மாட்டி வலையில் இருந்து எடுத்துவிடுவார் என்று பயம். நோய் கொஞ்சமாக இருக்கிற ஒருவருக்குக் குளிசையும் கொஞ்சமாகக் கொடுத்தால் போதாதா? பக்கத்து வீட்டில் கேட்டார்கள், அதுதான் எழுதுகிறேன்.

கடவுள் உங்களோடு இருப்பாராக.

யூலிற்றா

*

கொழும்பு
14.5.1962

அன்புள்ள தங்கச்சி,

சுகம். ஆமணக்கெண்ணெய் வேலை செய்கிறது என்று மச்சாள் சொல்லச் சொன்னாள்.

உன் கேள்விக்குப் பதில்: போதாது. கொஞ்சமாகக் கொடுப்பதிலும் கொடுக்காமல் விடுவது நல்லது. நெஞ்சில் ஒரு கோடி கிருமி இருந்தால் அதில் பத்துக்கோ இருபதுக்கோ இந்தக் குளிசை பிடிக்காது. அவை பிறக்கும்போதே அப்படி. முழு அளவு குளிசையும் தூளும் ஒன்றாகப் போனால் அந்த இருபதையும் தூள் பார்த்துக்கொள்ளும், மிச்சத்தைக் குளிசை முடிக்கும். கொஞ்சமாகப் போனால் சாவது சொற்பமும் சோனியும்தான். அவை விட்ட இடத்தில் அந்த இருபதும் பிள்ளை பெறும். ஐந்தாறு மாதத்தில் நெஞ்சு நிறைய அவைதான். பிறகு எத்தனை குளிசை விழுங்கினாலும் அவற்றுக்கு அது சீனி.

கேட்டது யார்? இருமுகிறவர்களைக் கிளினிக்குக்கு அனுப்பு. மச்சான் தூளைக் கடலில் கொட்டுவதைப் பற்றி டொக்டரிடம் நீயே சொல். அவர் சொல்லமாட்டார்.

உடனே பதில் எழுது.

எமிலியானுஸ்

*

கள்ளப்பாடு
24.6.1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம் என்று எழுத முடியவில்லை. இவருக்கு மறுபடி இருமல். நூற்றொன்பது இறாத்தல். டொக்டர் சளியை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்.

பிள்ளைகள் நலம். மச்சாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

யூலிற்றா

*

கொழும்பு
20.8.1962

தங்கச்சி,

இங்கே எல்லாரும் சுகம். அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

சூசைப்பிள்ளை, கள்ளப்பாடு என்று எழுதிய குப்பி என் மேசைக்கே வந்தது. முட்டையும் பச்சைச் சாயமும் சேர்த்துச் சரிவாக உறைய வைத்த களியில் நாங்கள் கிருமியை வளர்க்கிறோம். அது ஆறுதலாக வளரும் சாதி. முதல் முளையைக் காண நான்கு கிழமை. முளைத்ததை எடுத்து, ஒரு குப்பியில் வெறும் களியிலும், மற்றதில் குளிசை மருந்து கலந்த களியிலும் விதைத்தேன். இரண்டாவது குப்பியில் ஒன்றும் முளைக்கக் கூடாது. இன்று பார்த்தேன். இரண்டிலும் பாண் ரொட்டித் துகளைக் கொட்டியது போல் ஒரே அளவாக வளர்ந்திருக்கிறது. எது எந்தக் குப்பி என்று ஒட்டியிருந்த துண்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

அறிக்கை டொக்டர் தில்லைநாதனுக்குப் போகிறது. இனி மச்சானுக்கு அந்தக் குளிசையால் ஒரு பயனும் இல்லை.

தூளைக் கடலில் கொட்டிய மனிதன் குளிசையையும் எங்கே கொட்டினான் என்று கேள். இரண்டு பிள்ளைகளின் தகப்பன் இப்படிச் செய்வானா? நீ காலையில் உன் கையால் கொடுத்ததாக எழுதினாய். கொடுத்ததை விழுங்கினானா என்று பார்த்தாயா? படித்துப் படித்து எழுதினேனே.

எமிலியானுஸ்

*

கள்ளப்பாடு
30.8.1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் மச்சாளும் சுகமாயிருக்க வேண்டும் என்று முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

அவரைத் திட்டாதீர்கள். கொடுத்ததையெல்லாம் அவர் விழுங்கினார். கொடுத்தது குறைவு. குறைத்தவள் நான்.

மாசி மாதக் கடைசியில் இன்னாசிக்கும் சவிரிமுத்துக்கும் இருமல் தொடங்கியது. இவருக்குத் தொடங்கிய அதே இருமல், எனக்குத் தெரியாதா? கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். போகவில்லை. என் கையில் காலையில் மூன்று குளிசை இருந்தது. மூன்று மாதம் என் வாசலில் இறாலை மூன்றாகப் பிரித்து வைத்தவர்களின் முகத்தை நான் தினமும் பார்த்தேன். இவருக்கு ஒன்று, அவர்களுக்கு ஒவ்வொன்று என்று பிரித்தேன். டொக்டர் குறைத்துவிட்டார் என்று இவருக்குப் பொய் சொன்னேன்.

மே மாதத்தில் உங்கள் கடிதம் வந்தது. இரண்டு முறை வாசித்தேன், விளங்கியது. அடுத்த நாள் காலையில் சவிரிமுத்து படலையைப் பிடித்தபடி நின்றான், உள்ளே வர மூச்சு இல்லாமல். எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகும் இருபத்திரண்டு நாள், இவருக்கு மறுபடி இருமல் தொடங்கும் வரை, கொடுத்தேன். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் செய்தது வேறு, தெரிந்து செய்தது வேறு.

சவிரிமுத்து இந்த மாதம் ஐந்தாம் திகதி செத்துப் போனான். நெஞ்சிலிருந்து இரத்தம் வந்தது. முப்பத்தொரு வயது.

இதையெல்லாம் இவரிடம் நேற்றுச் சொன்னேன். வலை பொத்திக்கொண்டிருந்தார். ஊசியைக் கீழே வைக்கவில்லை. ஒரு கண்ணியை முடிந்துவிட்டுச் சொன்னார்: "என்னட்டைக் கேட்டிருக்கலாமே, யூலிற்றா. கேட்டிருந்தா நானும் அதைத்தான் செய்திருப்பன். பிழையை ரெண்டு பேருமாச் சேர்ந்து செய்திருக்கலாம்."

அண்ணா, நான் அழுது முடித்துவிட்டேன். கொடுத்ததற்கு நான் வெட்கப்படவில்லை. கொடுக்கத் தெரியாமல் கொடுத்ததற்குத்தான். பெரிய கண்ணி வலையை ஒரே இடத்தில் நாளும் போட்டால், கடைசியில் அங்கே திரிவது அந்தக் கண்ணியால் புகுந்து போகத் தெரிந்த மீன் மட்டும்தான். அதைத்தானே நான் செய்தேன்? அப்படியானால் வேறு கண்ணி வலை வேண்டும். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள். ஆறுதல் எழுத வேண்டாம்.

தங்கச்சி
யூலிற்றா

*

கொழும்பு
8.9.1962

அன்புள்ள தங்கச்சி,

மச்சானைப் பற்றி எழுதியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சவிரிமுத்துவின் ஆன்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தோம்.

நானும் ஒன்றை மறைத்தேன். மருந்துக் குப்பியில் முளை தெரிந்தது ஓகஸ்ட் ஆறாம் திகதி. கை நடுக்கத்தில் ஏதும் கலந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு பதினான்கு நாள் அறிக்கை எழுதாமல் வைத்திருந்தேன். முப்பது வயதுக்கு முன்பே இருபதாயிரம் குப்பி பார்த்தவன். என் கை நடுங்குவதில்லை.

வேறு கண்ணி வலை இருக்கிறது. ஊசி மருந்துக்கு அவருடைய கிருமி இன்னும் சாகிறது, தூளுக்கும் சாகிறது. புதிதாக இன்னொரு குளிசையும் உண்டு. ஈரலைக் கெடுக்கக் கூடியது, அதனால் ஆஸ்பத்திரியில் வைத்தே கொடுப்பார்கள். இங்கே கட்டில் கேட்டிருக்கிறேன். ஒரு வருடம் இருக்க வேண்டும். டொக்டரின் துண்டோடு உடனே அனுப்பு.

மற்ற வலைக்காரரின் சளியும் வேண்டும். எல்லாருடையதும். யார் யாருக்குள் எந்தக் கிருமி இருக்கிறது என்று தெரியாமல் ஒருவருக்கும் மருந்து கொடுக்க முடியாது. அவர்களைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

எமிலியானுஸ்

*

கள்ளப்பாடு
28.9.1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவர் வந்து சேர்ந்ததாக உங்கள் தந்தி கிடைத்தது. மச்சாள் கட்டிலுக்குத் தலையணை கொண்டுபோனாளாம். அவளுக்கு என் நன்றி.

பதினேழு பேரின் சளியும் இந்தக் கடிதத்துக்கு முன்பே உங்களிடம் வந்திருக்கும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் டொக்டரிடம் போய்ப் பதினேழு குப்பி கேட்டேன். வராத ஆட்களுக்குக் குப்பி எதற்கு என்றார். அவர் மேசைக்கு முன்னால் பின்னேரம் வரை நின்றேன், தந்துவிட்டார். சம்மாட்டியிடம் போனேன். ஒரு வலைக்காரனும் துப்ப மாட்டான், செய்தி பரவினால் மீன் வாங்க ஒருவரும் வரமாட்டார்கள் என்றார். சவிரிமுத்து எதனால் செத்தான் என்று கேட்டேன். பனி என்றார்.

அடுத்த நாள் விடிய, வள்ளம் தள்ள முதல், கரையில் சுருட்டி வைத்திருந்த வலைக்கயிற்றின் மேல் போய் இருந்துவிட்டேன்.

நீங்கள் இங்கிருந்து போய்ப் பல வருடம், மறந்திருக்கமாட்டீர்கள். பெண் கயிற்றைக் கடந்தாலே அன்று வலை போடமாட்டார்கள். சுவாமியார் வந்து தீர்த்தம் தெளிக்க வேண்டும். நான் கடக்கவில்லை. சம்மணம் போட்டு இருந்தேன், மடியில் குப்பிப் பெட்டியோடு.

ஒருவரும் கிட்ட வரவில்லை. சம்மாட்டி தூர நின்று கத்தினார்.

"எழும்படி, யூலிற்றா. கடலுக்குப் பாவம்."

"எழும்புவன். பதினேழு பேரும் துப்பட்டும்."

"உனக்கென்ன விசரே? மனிசனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போட்டு இஞ்சை வந்து கூத்தாடுறாய்."

"ஓம், விசர்தான். நாளைக்கும் வருவன்."

சுவாமியாருக்கு ஆள் அனுப்பினார். சுவாமியார் சைக்கிளில் வந்தார், கேட்டார், கொஞ்சம் யோசித்தார். தீர்த்தச் செம்பைக் கொண்டுவர மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

வெயில் ஏறியது. அன்று சாளை மீன் கூட்டம் கரைக்கு வந்திருந்தது. தண்ணீர் கறுத்துக் கிடந்தது எல்லாருக்கும் தெரிந்தது. ஒன்பது மணியளவில் இன்னாசி முன்னுக்கு வந்தான். குப்பியை வாங்கி, கடலைப் பார்த்துத் திரும்பி நின்று, இருமித் துப்பி, மூடி, என் பெட்டியில் வைத்தான். "சரி, அக்கா. இனி என்னைக் களப்புக்கு அனுப்பினாலும் அனுப்பட்டும்" என்றான். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கடைசிக் குப்பி சம்மாட்டியுடையது. அவரைக் கணக்கில் சேர்த்தது நான்தான்.

எழும்பினேன். அன்று அவர்கள் வலை போடவில்லை. அடுத்த நாள் போட்டார்கள். நல்ல மீன்பாடு.

பிள்ளைகள் தகப்பனைக் கேட்கிறார்கள். நலமாயிருங்கள்.

யூலிற்றா

*

கொழும்பு
3.12.1962

அன்புள்ள தங்கச்சி,

இங்கே சுகம். மச்சானின் சளி இரண்டு முறை நுணுக்குக்காட்டியில் சுத்தமாக இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல். சுகம் என்று இன்னும் எழுதமாட்டேன். கிருமி உறங்கும் என்று நானே எழுதியிருக்கிறேன்.

பதினேழில் மூன்று குப்பியில் முளைத்தது. இன்னாசி, வேறு இரண்டு பேர். சம்மாட்டிக்கு இல்லை, அவரிடம் சொல். மூன்று பேரின் கிருமியும் சின்ன வெள்ளைக் குளிசைக்குச் சாகிறது. மற்ற இருவருக்கும் அது சரி, அவர்கள் மருந்தே தொடாதவர்கள். இன்னாசி மூன்று மாதத்துக்கு மேல் நாளுக்கு ஒரு குளிசை வீதம் தின்றவன். அவன் கிருமி எப்படி ஒன்றும் பழகாமல் இருக்கிறது? மூன்று முறை விதைத்துப் பார்த்தேன். எனக்கு விளங்கவில்லை. கேட்டு எழுது.

மூவருக்கும் முழு மருந்து எழுதும்படி டொக்டருக்கு அறிக்கை போய்விட்டது.

எமிலியானுஸ்

*

கள்ளப்பாடு
22.12.1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாலன் பிறப்புக்கு உங்களையும் மச்சாளையும் இவரையும் நினைத்துக்கொண்டு பலகாரம் சுடுகிறோம். சாப்பிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், அனுப்பினால் மணல்தான் வந்து சேரும்.

இன்னாசியிடம் கேட்டேன். முதலில் சிரித்தான். பிறகு சொன்னான்: "கைச்சுது, அக்கா. நாக்குக்குக் கீழை வைச்சு, உங்கடை படலை தாண்டினவுடனை துப்பிப்போடுவன். நீங்கள் ஆசையாத் தந்தனீங்கள், வேண்டாமெண்டு சொல்ல மனம் வரேல்லை." நான் அவனுக்கு அடித்தேன், அண்ணா. உண்மையாகவே அடித்தேன். பிறகு இருவரும் படலையடியில் இருந்துவிட்டோம். ஒழுங்காக விழுங்கின சவிரிமுத்து இல்லை. துப்பினவன் இருக்கிறான். இதில் நீதி எங்கே என்று நான் தேடவில்லை. கிருமிக்கு நீதி இல்லை. எங்களுக்கு இருந்தால் போதும்.

கிளினிக்குக்கு மூவரையும் நானே கூட்டிக்கொண்டு போனேன். டொக்டருக்கு எல்லாம் தெரியும், நானே சொல்லியிருந்தேன். குளிசையை வீட்டுக்குத் தரமாட்டேன், மூவரும் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து என் ஆட்களுக்கு முன்னால் விழுங்கட்டும் என்றார். விடிய வலைக்குப் போகிறவர்கள் ஒரு கிழமை வருவார்கள், பிறகு நின்றுவிடுவார்கள் என்றேன். என்னிடம் தாருங்கள், ஒவ்வொருவனும் கரையில் என் கண்முன்னால் குளிசையும் தூளும் விழுங்கட்டும்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் ஏமாத்தினவா, அம்மா. உங்களை நான் எப்பிடி நம்புறது?"

"அதுக்காகத்தான் தாங்கோ எண்டுறன், டொக்டர். எப்பிடியெல்லாம் ஏமாத்தலாமெண்டு இந்த ஊரிலை என்னை விட ஆருக்குத் தெரியும்?"

தந்தார். ஒரு மாதத்துக்கு மட்டும். அடுத்த மாதம் மூவரின் நிறையைப் பார்த்துத்தான் மிச்சமாம். பார்க்கட்டும்.

இன்றோடு பன்னிரண்டு நாள். காலையில் கரைக்குப் போகிறேன். கரைவலை மாசியில்தான், ஆனாலும் களப்புக்குப் போக முன் மூவரும் வாடியடிக்கு வருகிறார்கள். கயிற்றைத் தொடுவதில்லை. சம்மாட்டி எனக்கென்று ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார், பேசுவது மட்டும் இன்னும் இல்லை. குளிசையைக் கொடுத்து, தூளைக் கரைத்துக் கொடுத்து, விழுங்கியதும் மூவரையும் "அருள் நிறைந்த மரியே" முழுவதும் சத்தமாகச் சொல்ல வைக்கிறேன். நாக்குக்குக் கீழே குளிசை இருந்தால் சொல் குழறும். முதல் நாள் இன்னாசி "கர்த்தர் உம்முடனே" வரையில் வந்து நின்றுவிட்டான். வாயைத் திற என்றேன். இருந்தது. இப்போது தெளிவாகச் சொல்கிறான், கோயிலில் கூட அப்படிச் சொன்னதில்லை.

அங்கேயும் அதையே செய்யுங்கள். இவருக்கு அந்தச் செபம் பாதிக்கு மேல் தெரியாது, கலியாணத்தன்றே நான் கண்டுபிடித்துவிட்டேன். ஆகவே நடுவில் நிறுத்தினால் மறந்துவிட்டார் என்று இரங்கிவிடாதீர்கள். முதலில் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். பிறகு மிச்சத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

தங்கச்சி
யூலிற்றா